கிறீச்சென்று ஒரு சத்தம்

வல்லத்தில் சுந்தராம்பாளைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் குரலே சொல்லிவிடும். வல்லக்கோட்டைக்கு அந்தாண்டை ஒரு சின்னக் குடியிருப்பில் பிறந்து, பதினாறு வயதில் அப்பாவு என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். நடவு ஆள் கூட்டிக்கொண்டு போகிற வேலை கொஞ்ச நாளிலேயே அவள் கைக்கு வந்தது. விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஒரு சத்தம் போட்டால், கடைசி வீட்டுப் பெண்கூட முடியை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்துவிடுவாள். பிறகு கழனிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. வேலிக்கல் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். நடவு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். சுந்தராம்பாள் ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருந்த ஒரு கம்பெனி கேன்டீனில் எச்சில் தட்டு கழுவப் போனாள். எவர்சில்வர் தட்டுகள் தொட்டியில் விழுகிற இரைச்சலில் பேசிப் பேசி அவள் குரல் இன்னும் தடித்துப்போனது.

மகள் சசிரேகா அதற்கு நேர்மாறு. தலைப்பிள்ளை ஜுரத்தில் போன பிறகு பிறந்த ஒரே பெண். குரல் அவ்வளவு மெல்லிசு. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் சொல்லும் "உள்ளேன் ஐயா" வாத்தியாருக்குக் கேட்காமல் போய், வந்த நாளிலும் வராதவளாகி நின்றிருக்கிறாள். ஆனால் பயந்துவிட்டால் மட்டும் அந்தக் குரல் வேறு மாதிரி ஆகும். பல்லியோ பூரானோ கண்ணில் பட்டால் போதும், காதைக் கிழிக்கிற மாதிரி ஒரே ஒரு கத்தல். பக்கத்து வீட்டு தாவீது, "அக்கா, உன் பொண்ணு வவுத்துக்குள்ள விசில் ஒளிச்சி வெச்சிக்கினு கீது" என்று கேலி செய்வான்.

பத்தாவது முடித்ததும் சசிரேகாவுக்கு, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலை கிடைத்தது. செப்புக் கம்பி விரலை அறுக்கும். அதற்காக ஆள்காட்டி விரலில் எப்போதும் பிளாஸ்திரி சுற்றியிருப்பாள். காலை ஷிப்டுக்கு கம்பெனி வண்டி சாலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். சாலைக்கு இந்தப் பக்கம் அடிபம்பு. சுந்தராம்பாள் கேன்டீனுக்குக் கிளம்பும் முன் அங்கேதான் தண்ணீர் பிடிப்பாள். தாயும் மகளும் வீட்டிலிருந்து ஒன்றாகவே வருவார்கள். தாய் பம்பில் நின்றுகொள்வாள், மகள் சாலையைக் கடந்துவிடுவாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் அப்படிப் பிரிந்ததுதான். சுந்தராம்பாள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அவள் திரும்பினாள். சசிரேகா தார்ச்சாலையின் நடுவில் குப்புறக் கிடந்தாள். சுந்தராம்பாள் ஓடினாள். வண்டி எது, எங்கே நின்றது, யார் ஓட்டினது என்று ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. மகளின் தலையை மடியில் எடுத்து வைத்ததும், பிளாஸ்திரி சுற்றிய அந்த விரல் ஒருமுறை மடங்கியதும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மோதியது ஜல்லி ஏற்றிவந்த லாரி. கல் உடைக்கிற கிரஷர் வைத்திருந்தவருடையது. அவர் அந்த வட்டாரத்தில் பெரிய கை. மோதிய வேகத்தில் வெகுதூரம் ஓடிப்போய் நின்ற லாரியை, போலீஸ் வருவதற்குள் அவருடைய ஆட்கள் பின்னால் எடுத்துவந்து சசிரேகா விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் முழுசாகப் பார்த்தவன் ஒரே ஒருத்தன், எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாண்டுரங்கன். மற்றவர்கள் எல்லாம் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசி மாதத்தில்தான் சாட்சி விசாரணைக்கு வந்தது. முதலில் கூண்டில் ஏறிய பாண்டுரங்கன், தான் அப்போது பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்ததாகவும் தலை நிமிரவே இல்லை என்றும் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனான். அவன் போனதும் அரசு வக்கீல் சுந்தராம்பாளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். கை நிறைய கேஸ் கட்டுகள் வைத்திருந்தார்.

"அவன் கவுத்துட்டான். இனிமே நீதாம்மா இருக்கே. அங்க போய் ஒப்பாரி வெச்சிடாதே. அழுதா மாஜிஸ்திரேட்டுக்குப் பிடிக்காது. கேட்டதுக்கு மட்டும் சுருக்கமா பதில் சொல்லு, போதும்."

"நான் பாக்கலீங்களே ஐயா. காதால கேட்டதுதானே."

"கேட்டத சொல்லு."

அவள் அதைத்தான் சொன்னாள். கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழக்கூடாது என்பது ஒன்றையே நினைத்துக்கொண்டு நின்றாள். மகளின் பேரை எடுத்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பேரை எடுக்காமலே சொல்லி முடித்தாள்.

"பம்புல தண்ணி அடிச்சிக்கினு இருந்தேங்க. கிறீச்சுனு ஒரு சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா நடுரோட்ல கெடக்குது. ஓடிப் போய்த் தூக்கினேன். அவ்ளோதாங்க."

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர்தான். அன்று அவருக்கு ஜலதோஷம், அடிக்கடி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் மிஷினோடு உட்கார்ந்திருந்த டைப்பிஸ்டுக்கு அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். சுந்தராம்பாளுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவில் 'ஸ்க்ரீச்' என்று ஒன்று மட்டும் காதில் விழுந்தது. தான் சொன்ன அதே சத்தம் மிஷினில் ஏறிவிட்டது என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

லாரிக்காரன் தரப்பு வக்கீல் எழுந்தார். மிரட்டுவார், குடைவார் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, முதல்ல அந்தச் சத்தம் கேட்டுது. அதுக்கு அப்புறம்தான் நீங்க திரும்பிப் பாத்தீங்க. சரிதானே?"

"ஆமாங்க."

"சத்தம் நல்லா பலமாவே கேட்டுது?"

"நல்லா கேட்டுதுங்க. இன்னும் கேக்குது."

"வேற கேள்வி இல்லை."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் அப்பாவுவிடம், அழாமல் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அப்பாவு ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேன். விபத்து நடந்த காலையில் அவர் வேலை முடிந்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்து தட்டி எழுப்பித்தான் கூட்டிப்போனார்கள். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் தலை தானாகக் குனிந்துவிடும். அன்றைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, சொல்லிட்ட இல்ல. வுடு" என்றார்.

அதன் பிறகு மே மாதம் வந்தது, ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகளில் எங்கே பார்த்தாலும் போலீஸ்தான். பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜல்லி லாரிக்காரன் வழக்கை யாரும் நினைத்துப் பார்க்கிற நேரமாக அது இல்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போய், ஆடி கழிந்துதான் தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு தாவீதும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். ஒரு கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறவன், நாற்பது வயதுக்காரன், இங்கிலீஷ் தெரியும். தீர்ப்பைப் படிக்கும்போது காதில் வாங்கிச் சொல்லட்டும் என்றுதான் சுந்தராம்பாள் அவனைக் கூப்பிட்டிருந்தாள். ஆனால் தாவீது சொல்வதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் படித்து முடித்ததும், டில்லிபாபு என்ற அந்த லாரி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். சின்ன வயசுப் பையன். கட்டியிருந்த வேட்டி புதுசு.

வெளியே வேப்பமரத்தடியில் சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தபோது அவன் வேகமாக வந்தான். அடிக்க வருகிறானோ என்று அப்பாவு குறுக்கே போனார். அவன் குனிந்து சுந்தராம்பாளின் காலைத் தொட்டான்.

"அம்மா, உன் புண்ணியம்மா. நீ நெனச்சிருந்தா என்ன வேணா சொல்லியிருக்கலாம். பெத்த வயிறு எரியசொல்லோகூட பொய் சொல்லாம, சத்தம் கேட்டுதுன்னு உள்ளத சொன்ன. அதாலதான் நான் தப்பிச்சேன். சாவுற வரைக்கும் மறக்க மாட்டேம்மா."

அவன் நடிக்கவில்லை. சுந்தராம்பாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவனை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

"இன்னா சொல்றான் இவன்?" என்றாள் அவள். தாவீது டீக்கடைப் பக்கம் பார்த்தான். "தம்பி, இன்னா சொல்றான்னு கேக்கறேன்."

"வாக்கா, அந்தாண்ட போய் உக்காரலாம்."

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, தாவீது சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போது கடைக்காரனின் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அன்னிக்கு கிறீச்சுனு சத்தம் கேட்டுதுன்னு சொன்ன இல்ல. அத்த இங்கிலீஷ்ல ஸ்க்ரீச்சுன்னு போட்டுக்கீறாங்க."

"ஆமா, நான்தான் சொன்னேனே. அதே மாதிரிதான் அவரும் சொன்னாரு."

"காதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி கீதுக்கா. ஆனா இங்கிலீஷ்ல அந்த வார்த்தைய புழங்குறது வேற மாதிரி. பேப்பர்ல, புஸ்தகத்துல எல்லாம் பாத்தீன்னா, வண்டிய திடீர்னு நிறுத்தும்போது சக்கரம் ரோட்ல தேய்ஞ்சி ஒரு சத்தம் வருமே, அதுக்குத்தான் போடுவான். ஆந்தை கத்துறதுக்கும் போடுவான். மனுஷங்க கத்துனதுக்கு ஸ்க்ரீம்னு வேற ஒண்ணு கீது. மனுஷங்களுக்கும் ஸ்க்ரீச்சுன்னு போடலாம், போடக்கூடாதுன்னு இல்ல. ஆனா கூடவே லாரின்னு ஒரு வார்த்தை வந்துடுச்சின்னா, படிக்கிறவன் பிரேக்குன்னுதான் எடுத்துக்குவான். அவனுக்கு வேற எதுவும் தோணாது."

சுந்தராம்பாள் டீயைக் குடிக்கவில்லை.

"அவங்க வக்கீலு அதத்தான் புடிச்சிக்கினாரு. பெத்த தாயே சொல்றாங்க, பிரேக் போட்ட சத்தம் மொதல்ல கேட்டுதுன்னு. அப்ப டிரைவர் பிரேக் போட்டுக்கீறான், பொண்ணுதான் குறுக்க ஓடியிருக்குதுன்னு. பிரேக்குல எந்த ரிப்பேரும் இல்லன்னு வண்டிய சோதிக்கிற இன்ஸ்பெக்டரு வேற எழுதிக் குடுத்துட்டாரு. லாரியும் பக்கத்துலயே நின்னுதுன்னு ரெக்கார்டு. எல்லாம் அதோட சேந்துபோச்சி."

"நான் பிரேக்குன்னு சொல்லலியே தம்பி."

"சொல்லலக்கா."

"சசி கத்துனத சொன்னேன்."

"தெரியும்க்கா."

அப்பாவு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். சுந்தராம்பாள் அந்த டீ கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடியும் கோர்ட்டுக்குள் போனாள். வாசலில் நின்ற டவாலிச் சேவகன் தடுத்தான். ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டார்கள், ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அவன் அவளைப் பைத்தியம் என்று நினைக்கவில்லை. இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவன். "தீர்ப்பு சொல்லியாச்சும்மா. ஐயா அடுத்த கேசு பாக்குறாரு. போம்மா, வக்கீலப் போய்ப் பாரு" என்றான்.

அரசு வக்கீல் மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"அப்பீல் நீ போட முடியாதும்மா. கவர்மெண்டுதான் போடணும். மேலே எழுதிப் பாக்கலாம். ஆனா இதுல என்ன இருக்குன்னு எழுதறது? சாட்சி ஒருத்தன் கவுந்துட்டான். நீ சொன்னதும் அவங்களுக்குச் சாதகமா போச்சு. சொன்னத இப்ப வந்து மாத்தறேன்னா எப்படி?"

"நான் மாத்தலீங்க ஐயா. அவங்கதான் மாத்திட்டாங்க."

"'என் பொண்ணு கத்துனா'ன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதானே அழக்கூடாதுன்னு சொன்னீங்க."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. பேரை எடுத்தால் அழுகை வரும், அதனால் எடுக்கவில்லை என்று விளக்கிச் சொல்ல அவளுக்கும் தெரியவில்லை. அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். தாவீது அவள் தோளைத் தொட்டு, "வாக்கா" என்றான்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் தாவீது வேலையிலிருந்து நேராக அவள் வீட்டுக்கு வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசற்படியருகே நின்றான். ஆபீசில் இருந்த பெரிய அகராதியில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னான்.

"அதுல மொதல்ல மனுஷங்க பயத்துல கத்துறதுதான்கா போட்டுக்கீறான். வண்டியெல்லாம் அதுக்கு அப்பாலதான்."

அவன் எதற்காக இதைச் சொல்ல வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று தேற்றுவதற்காக இருக்கலாம். சுந்தராம்பாள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"அப்ப அத்த எடுத்துக்கினு போய்க் காட்டலாமா தம்பி?"

தாவீது சைக்கிள் ஹேண்டில்பாரைத் துடைத்தான். "இனிமே யார்கிட்டக்கா காட்றது?"

இவ்வளவோடு நின்றிருந்தால்கூட அவள் எப்படியாவது தேறியிருப்பாள். ஏழைப்பட்டவர்கள் கேசு இப்படித்தான் போகும் என்று ஊரே சொன்னது, அவளும் சொல்லப் பழகிக்கொண்டாள். அதைவிட மோசமான ஒன்று வீட்டுக்குள்ளேயே நடந்தது. புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவு கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நெஜமா அவ கொரலுதானா அது?"

சுந்தராம்பாள் அவரைப் பார்த்தாள்.

"இல்ல, நீ முதுகைக் காட்டிக்கினு நின்ன. பம்பு சத்தம் வேற. பிரேக்காகவும் இருந்துருக்கலாம் இல்ல? அவ்ளோ படிச்சவங்க சொல்றாங்க."

அவருக்கும் ஒரு தேவை இருந்தது. லாரிக்காரன் நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை என்றால், மகள் சாவதற்கு முன் பயந்து கத்தவில்லை என்று ஆகும். தான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் ஒரு கத்தல் கத்தினாள் என்பதை இரண்டரை வருஷமாக அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இப்போது கோர்ட்டே அவருக்கு ஒரு வழி காட்டிவிட்டது. சுந்தராம்பாளுக்கு இது புரிந்தது. புரிந்ததனால் கோபம்கூட வரவில்லை. சாதத்தில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சசிரேகாவைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போனது.

ஆனால் அவர் போட்ட விதை அவளுக்குள் விழுந்துவிட்டது. அதுவரைக்கும் அந்தச் சத்தம் அவளிடம் பத்திரமாகத்தான் இருந்தது. அது கொடுமைதான், ராத்திரிகளில் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆனாலும் மகளிடமிருந்து கடைசியாக அவளுக்கு வந்தது அதுதான், அவளுக்கு மட்டும் வந்தது. இப்போது பம்படியில் நிற்கும்போது விபத்துக்குப் பிறகு அங்கே போட்ட வேகத்தடையில் ஒவ்வொரு லாரியும் பிரேக் போடுவது அவள் காதில் விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தையும் தன் நினைவில் இருப்பதையும் வைத்து ஒத்துப் பார்த்தாள். வேறு, நிச்சயமாக வேறு என்று முதலில் தெரிந்தது. மறுநாளும் ஒத்துப் பார்த்தாள். ஒத்துப் பார்க்கப் பார்க்க இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. மகள் குரலை வரவழைக்க நினைத்தால் இரும்பு தேய்கிற சத்தம் வந்தது. கேன்டீன் தொட்டியில் தட்டைத் தேய்த்தாலும் அதுவே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "உள்ளேன் ஐயா", "அம்மா, ரிப்பன் எங்க", "அம்மா, வண்டி வந்துட்டுது" என்று மகள் சொல்லும் பேச்சுக்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வார்த்தைகள் வந்தன. அவை அவளுடைய தடித்த குரலிலேயே வந்தன.

அந்த நிலையில்தான் பாண்டுரங்கன் வந்தான். கேன்டீனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவளை, சாயங்காலம், ஏரிக்கரை முக்கில் நிறுத்தினான். வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவன்போல நெற்றி நிறைய விபூதி.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் பிரேக்கே போடலக்கா. வந்த வேகத்துலயே போனான். உன் பொண்ணுதான் கத்துச்சி. நான் பாத்தேன். என் காதாலயும் கேட்டேன்."

அவள் கையிலிருந்த பால்கேனைக் கீழே வைத்தாள். அவளுக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. தான் நினைத்தது சரி என்பதில் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை.

"எப்டி கத்துனா?" என்று கேட்டாள்.

"இன்னாக்கா?"

"அவ கத்துன மாதிரி எனக்கு இப்ப வர மாட்டேங்குது. நீ கேட்டன்னு சொல்றியே. எப்டி இருந்துது, சொல்லு."

பாண்டுரங்கன் மிரண்டுபோனான். அவன் மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்திருந்தான். இரண்டு திட்டு வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தான்.

"அத்த எப்டிக்கா வாயால சொல்றது?"

"கோர்ட்டுல சொல்லியிருக்கலாம் இல்ல."

"அவரு நெலத்துலதான்கா என் கடை கீது. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

"ஆமா," என்றாள் சுந்தராம்பாள். "பொண்ணுங்கள பத்திரமா பாத்துக்க." சாபமாக அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்காமல் கார்த்திகைக்குள்ளும் பெய்தது. ஒரு காலை தூறலில் சுந்தராம்பாள் பம்படியில் நின்றபோது, செங்கல் ஏற்றிப் போன ஒரு டிராக்டர், ஓரமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மாரியை இடித்துத் தள்ளியது. மாரி பக்கத்துத் தெருக்காரன், ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்தான். இந்தத் தடவை அவள் சாலையைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். டிராக்டர்காரன் பேச்சு சுவாரசியத்தில் பின்னால் திரும்பியிருந்ததைப் பார்த்தாள். மாரி, "ஏய், ஏய்" என்று இரண்டு தரம் கத்தியதைக் கேட்டாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்கள் ஓடிவருவதற்குள் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மாரி பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் பெண்சாதி சரோஜா சின்ன வயசுக்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவள், சுந்தராம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடவே போலீஸ்காரர் ஒருவரும் சைக்கிளோடு வந்திருந்தார்.

"யக்கா, நீ அப்ப பம்புலதான் இருந்தியாமே. டிராக்டருகாரங்க, அவங்க வழியிலதான் சைக்கிளு வந்துதுன்னு சொல்றாங்க யக்கா. இவரு ஓரமாதான் வந்தாராம். நீ பாத்தத சொன்னா போதும்."

உள்ளேயிருந்து அப்பாவு எட்டிப் பார்த்தார். சுந்தராம்பாள் கையில் அரிசி முறம் இருந்தது. கல் பொறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"நான் பாக்கலம்மா."

"சத்தமாவது கேட்டுருக்குமே யக்கா. அவரு கத்தினேன்னு சொல்றாரு."

சுந்தராம்பாள் தலை நிமிர்ந்து சரோஜாவைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண். தாலிச்சரடு ஜாக்கெட்டுக்கு வெளியே கிடந்தது. ஒரு நிமிஷம் சொல்லிவிடலாமா என்றுகூட வாயெடுத்தாள். மாரி கத்தினதைச் சுந்தராம்பாள் சொல்லுவாள். ஒருத்தர் எழுதிக்கொள்வார். அது இன்னொரு பாஷைக்குள் போகும். அங்கே போன பிறகு அது யார் கத்தினதாக வெளியே வரும் என்று எவருக்கும் தெரியாது.

"எனக்கு எதுவும் கேக்கலம்மா," என்றாள். "பம்பு அடிச்சிக்கினு இருந்தேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

போலீஸ்காரர் சைக்கிளைத் திருப்பினார். அவருக்கு வேலை மிச்சம். சரோஜா நம்பவில்லை என்று முகம் சொன்னது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற தெம்பு அவளுக்கு இல்லை. துணி மூட்டையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பாண்டுரங்கனைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சாலைப் பக்கம் நடந்தாள்.

அவன் ஏற்கெனவே கடையைச் சாத்திவிட்டிருந்தான்.